வியாழக்கிழமைத் தயக்கம்

எண்பத்தொன்பதாம் வருஷத்து வோல்வோ.
பதிவேட்டில் சிவப்பு.
உப்புக்காற்று தின்றது போக மிஞ்சியதைச்
சிவப்பென்று நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் போகாது.
கேட்ட கேள்வி காதில் விழுந்தும்
விழாததுபோல் இருப்பவரைப்போல
ஒரு கணம் இருக்கும்.
பிறகு ஒரு குலுக்கல். பிறகுதான் ஓட்டம்.
அதற்குள் முதுகுக்குப் பின்னால்
மீன் லாரி வந்து விளக்கடிக்கும்.

வெஸ்தெரோலன் தீவுகளில்
வீடு வீடாகப் போய்க் கட்டு மாற்றுகிற நர்ஸ் நான்.
பதினொரு வீடு, இரண்டு பாலம்,
கடைசியில் பெடர் வீட்டு மேடு.
இவ்வளவுக்கும் நடுவே
தயங்குவதற்கு நேரம் ஏது?

முதலில் பிளக் நான்கையும் கழற்றினேன்.
பிஸ்கட் நிறம். குறை சொல்ல ஒன்றுமில்லை.
டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் பச்சை பூத்திருந்தது;
ஆகா, இதுதான் என்று மாற்றினேன்.
மூன்று நாள் நன்றாக ஓடியது.
மூன்று நாள் என்னை நானே மெச்சிக்கொண்டேன்.
அப்புறம் ரப்பர் குழாய்கள்மீது ஸ்ப்ரே அடித்து
என்ஜின் குரல் மாறுகிறதா என்று
மழைக்கோட்டோடு குனிந்து நின்றேன்.
மாறவில்லை. என் இடுப்புதான் மாறியது.

ஒட்வார் வந்தான்.
மணவாழ்க்கை முறிந்தபின்னும்
என்னிடம் தங்கிவிட்ட கொழுந்தன்.
படகுத்துறையில் என்ஜின் அறை வேலை.
பானட்டைத் திறக்காமலே சொன்னான்:
"காற்றை அளக்கிற சென்சார்."
எதிலும் தயங்காதவன் அவன்.
இரண்டாயிரத்து நானூறு குரோனர்.
மாற்றிய திங்கட்கிழமை கார் பறந்தது.
அவனுக்கு ஏலக்காய் ரொட்டி சுட்டுக் கொடுத்தேன்.
வியாழக்கிழமை, அதே மேட்டில்,
அதே ஒரு கணம்.
ரொட்டியைத் திருப்பிக் கேட்கவா முடியும்?

அன்று பெடரின் குதிகால் புண்
போன வாரத்தைவிடக் கறுத்திருந்தது.
வலிக்கிறதா என்றேன். இல்லை என்றார்.
ஹாலிபட் பிடித்த மனிதர்,
தூண்டில் விரலில் ஏறினாலும் இல்லை என்றே சொல்வார்.
கேள்வியைத் திருப்பிப் போட்டேன்:
"எப்போது வலிக்காமல் இருக்கும்?"
ஜன்னலைப் பார்த்தார்.
பிறகு, ஏதோ திருட்டை ஒப்புக்கொள்வதுபோல,
"ராத்திரி காலைக் கட்டிலுக்கு வெளியே
தொங்கப் போட்டால்."

கீழே தொங்கினால்தான் ரத்தம் போகிறது.
அங்கேயே டாக்டருக்குப் போன் போட்டேன்.

திரும்பும் வழியில்
சறுக்கும் மழையில் காரை ஓரம் கட்டினேன்.
இத்தனை நாளும் இதனிடம்
எங்கே, எங்கே என்றுதான் கேட்டிருக்கிறேன்.
எப்போது தயங்காமல் இருப்பாய்?

திங்கள். செவ்வாய். பாதி புதன்.

டாஷ்போர்டுப் பெட்டியில்
பெட்ரோல் ரசீதுகள், கையுறைகள்,
யாருடைய பல்செட்டோ ஒன்று.
ரசீதுகள் எல்லாம் திங்கட்கிழமை.

சனிக்கிழமை டிக்கிக் கம்பளத்தை உரித்து
மூடியைத் திருகி
டாங்கியிலிருந்து குட்டிப் பம்பைத் தூக்கினேன்.
அதன் கழுத்தில் கட்டைவிரல் நீள ரப்பர்க் குழாய்,
பக்கவாட்டில் வாய் பிளந்து.
பம்ப் பாவம், ராப்பகலாக இறைத்திருக்கிறது,
இறைத்ததையெல்லாம் அதே டாங்கியில்.
டாங்கி நிறைந்திருந்தால் தெரியாது.
பாதிக்குக் கீழே போனால்
பெரிய பம்ப் தனியாக உறிஞ்ச வேண்டும்,
மேட்டில் மூச்சு எட்டாது.

குழாயின் விலை முப்பத்தெட்டு குரோனர்.
கையில் பெட்ரோல் வாடை போக
இரண்டு நாளாயிற்று; மூன்றாவது வீட்டு அம்மாள்
ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு
கட்டுப் போடச் சொன்னாள்.

ஒட்வாரிடம் சொன்னேன்.
முதல்முறையாக ஒரு கணம் சும்மா இருந்தான்.
"சென்சாரும் கொஞ்சம் காரணமாக இருந்திருக்கும்" என்றான்.
இருக்கட்டும்.

அடுத்த வியாழன்.
டாங்கியில் கால் பங்கு.
ஸ்டோக்மார்க்னஸ் ஆஸ்பத்திரிக்கு
பெடரை நான்தான் கூட்டிப் போகிறேன்.
மேடிறங்கிப் பெரிய சாலையில் ஏறும் இடத்தில்
பழக்கதோஷத்தில் சற்று முன்பாகவே மிதித்துவிட்டேன்.
வண்டி பாய்ந்தது.
"மெல்ல" என்றார் பெடர்,
இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்தபடி.
பின்னால் மீன் லாரி
வெகு தூரத்தில், சின்னதாக.